கீழே பிடிக்கிறவன்

கொளஞ்சிக்குப் புதுக் கை வந்த அன்று பூவராகனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. கேட்டவர்களிடம் குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்றான். குழம்பு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

இத்தனைக்கும் கொளஞ்சிக்கு ஏற்கெனவே இருந்த இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. வந்தது மூன்றாவது. இடுப்பில் ஓர் அகலமான பெல்ட், முதுகில் பள்ளிக்கூடப் பை அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து வலது தோளுக்கு மேலாக வளைந்து வருகிற நான்கு மூட்டு இரும்புக் கை. போல்ட் முடுக்கும் மெஷின் பதினெட்டு கிலோ. அதை இந்தக் கையின் நுனியில் மாட்டிவிட்டால் பாரம் முழுக்க இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடும். மனுஷன் சும்மா தொட்டு வழிகாட்டினால் போதும். கம்பெனி அதற்குத் துணைக்கை என்று பெயர் வைத்திருந்தது.

கடலூர் மாவட்டத்தில் புதிதாகத் தோண்டிய தனியார் நிலக்கரிச் சுரங்கம் அது. ஊர் பாதி சூரிய மின்சாரத்துக்கு மாறிய பிறகும் பழுப்பு நிலக்கரியின் பசி விடவில்லை. மண்ணை வெட்ட நாலு மாடி உயரத்துக்கு ஒரு சக்கரம் இருந்தது. சுற்றிலும் பன்னிரண்டு இரும்பு வாளிகள். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோரும் ராட்டினம் என்றார்கள். நாள் முழுக்க மண்ணைக் கடித்துக் கடித்து வாளிகளின் பல் தேயும், போல்ட் தளரும். சக்கரத்தை நிறுத்தி, பல்லை மாற்றி, போல்ட்டை முடுக்குவது பராமரிப்புக்காரர்களின் வேலை. ஒரு ஷிப்டுக்கு நாற்பது போல்ட்.

இந்த வேலைக்கு எப்போதும் ஜோடிதான். ஒருவன் மேலே நின்று மெஷினைப் பிடித்து முடுக்குவான். மற்றவன் எதிரே கொஞ்சம் கீழே நிற்பான். அவன் வலது உள்ளங்கை மெஷினின் அடிவயிற்றைத் தாங்கும், இடது கை வாளிக்குப் பின்னால் போய் நட்டின் மேல் ஸ்பேனரைப் பொருத்தும். பொருத்தியதும் கையை எடுத்துவிட வேண்டும். மெஷின் சுற்ற ஆரம்பித்தால் ஸ்பேனர் ஒரு துள்ளு துள்ளி வாளி விளிம்பில் முட்டி நிற்கும், நடுவில் விரல் இருந்தால் விரல் மிஞ்சாது. அதனால் ஒரு வழக்கம். மேலே இருப்பவன் "கை?" என்பான். கீழே இருப்பவன் "வெளிய" என்பான். அந்தப் பதில் காதில் விழாமல் யாரும் விசையை அழுத்தியது கிடையாது.

பதினான்கு வருடமாக மேலே பூவராகன், கீழே கொளஞ்சி. சுரங்கத்தில் பூவராகன் பேரைச் சொன்னால் 'முடுக்குன போல்ட் ஆறு மாசத்துக்கு அசையாது' என்பார்கள். கொளஞ்சி பேரைச் சொன்னால், 'யாரு, பூவராகனோட ஜோடியா?' என்பார்கள். இந்த ஏற்பாட்டில் பூவராகனுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

துணைக்கை தானாக எதையும் செய்யத் தெரியாமல் வரும். நாற்பது நாள் ஒரே ஆள் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். அவன் எப்படித் தூக்குகிறான், எங்கே நிதானிக்கிறான், எப்போது அழுத்துகிறான் என்று அது கற்றுக்கொள்ளும். நாற்பது நாள் முடிந்ததும் அவன் நினைப்பதற்கு ஒரு இமைப்பு முன்னாலேயே அது நகரும். பிறகு அந்தப் பாடத்தை அப்படியே முந்நூறு கைகளுக்கு ஏற்றிவிடுவார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தவனுக்கு மூலக்கை என்று பேர். சம்பளம் கூடும், அது கிடக்கட்டும். முந்நூறு பேர் அவனைப் போலவே வேலை செய்வார்கள். பூவராகன் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

மூலக்கையைத் தேர்ந்தெடுக்க எல்லோருக்கும் ஒரு சோதனைச் சட்டை மாட்டினார்கள். எந்தத் தசை எவ்வளவு உழைக்கிறது என்று அது காட்டிவிடும். பூவராகன் முறை வந்த அன்று அவனுக்குக் காய்ச்சல். வந்தது என்பதைவிட வரவழைத்துக்கொண்டான் என்பதுதான் சரி. அவனுடைய வலது தோள் ஆறு வருடமாகச் சரியில்லை. கை தோள் உயரத்துக்கு வரும்போது உள்ளே எதுவோ பிசகும், உயிர் போகும். சட்டை அதைக் காட்டிக்கொடுத்தால் ராட்டினத்தில் ஏற விடமாட்டார்கள், டூல் ரூமில் உட்காரவைத்து ஸ்பேனர் எண்ணிக் கொடுக்கச் சொல்வார்கள். இந்த விஷயம் அவன் மனைவி தையல்நாயகிக்கும் அவள் தேய்க்கும் தைலத்துக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சோதனையில் கொளஞ்சி முதலாவதாக வந்தான். பந்தியில் உட்காராதவனுக்குப் பாயசம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொள்ள உரிமை இல்லைதான். ஆனால் பூவராகன் கோபித்துக்கொண்டான். 'எனக்கு வேண்டாம், பூவராகனுக்குக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?' என்று மனசுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம் தினமும் ஏதாவது ஒன்று. கொளஞ்சியின் போட்டோ கேட்டில் மாட்டப்பட்டது. ஓசூரிலிருந்து வந்த இன்ஜினியர் பர்வீன், கேண்டீனில் அவன் எதிரே உட்கார்ந்து டீ குடித்தாள். கொளஞ்சி தனியாகவே முடுக்கவும் பொருத்தவும் செய்தான். பூவராகனுக்குப் பக்கத்தில் நின்று பல் எடுத்துக் கொடுக்கும் வேலை. வேலை முடிந்ததும் கொளஞ்சி அந்தக் கையைத் தன் தோள் துண்டால் துடைப்பான். மூட்டு மூட்டாக, குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி. அந்தப் பச்சைத் துண்டு பூவராகன் திருப்பதியிலிருந்து அவனுக்கு வாங்கி வந்தது.

வீட்டில் சொன்னபோது தையல்நாயகி சிரித்தே விட்டாள். "இன்னொருத்திய கூட்டியாந்தா பொண்டாட்டி பொலம்புறாப்பல இல்ல பொலம்புறீங்க! அவரு உங்களுக்குத் தாலியா கட்டினாரு?"

"நீ தைலத்தத் தேயி."

"தேய்க்கிறேன். தோளுக்குத்தான் தைலம் இருக்குது, அதுக்கு மருந்து கெடையாது."

முப்பத்தாறாம் நாள் பர்வீன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். திரையில் ஒரு பச்சைக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

"உக்காருங்க அண்ணே. இது கொளஞ்சி அண்ணன் கத்துக்கொடுத்தது. ரெண்டு இடம் எனக்குப் புரியல. அவரோட பதினாலு வருஷம் வேலை பாத்தவரு நீங்கதான். அதான் கேக்கலாம்னு."

"அவனையே கேக்கலாமே மேடம்."

"கேட்டேன். ஒண்ணுக்கு 'நான் அப்படியா செய்யுறேன்?'னு ஆச்சரியப்படுறாரு. இன்னொண்ணு கேட்டா பேச்சை மாத்துறாரு." அவள் கோட்டில் ஒரு சமதளத்தைத் தொட்டுக் காட்டினாள். "மெஷின் போல்ட்டுல உக்காந்த பிறகு உடனே முடுக்கணும். இவரு ஒவ்வொரு தடவையும் ரெண்டு நொடி சும்மா நிக்கிறாரு. நாப்பது போல்ட்லயும் அதே ரெண்டு நொடி. துணைக்கையும் அதைக் கத்துக்கிட்டு நிக்குது. என்ன அண்ணே அது?"

பூவராகனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "கை?" என்று ஒருவன் கேட்டு, "வெளிய" என்று மற்றவன் சொல்ல ஆகிற நேரம். கேட்க ஆள் இல்லாமல் போன பிறகும் கொளஞ்சியின் உடம்பு அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் அவன் இடது கை வாளிக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறது.

நல்ல மனசு உள்ளவனாக இருந்தால் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பான். பூவராகனுக்கு வேறு மாதிரி பட்டது. என் குரலைக்கூட எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொண்டானே என்று பட்டது. முந்நூறு கை இந்த இரண்டு நொடி நிற்கும், எல்லோரும் கொளஞ்சியின் நிதானம் என்று புகழ்வார்கள்.

"அது ஒண்ணுமில்ல மேடம்," என்றான். "அவனுக்கு எப்பவுமே கொஞ்சம் இழுவை. நான்தான் அதட்டி வேலை வாங்குவேன். எடுத்துடுங்க."

"எடுத்தா ஆபத்து இல்லையே?"

"ரெண்டு நொடியில என்னா ஆபத்து?"

"சரி. இன்னொண்ணு, மெஷினைத் தூக்கும்போது தோள் உயரத்துக்கு வந்ததும், தேவையே இல்லாம அடியிலேர்ந்து ஒரு உந்து உந்துறாரு. கொஞ்சம் எடப்பக்கமா. அவருக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. பலம்தான் வீணாகுது."

இது பூவராகனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பழக்கதோஷமா இருக்கும். அதையும் எடுத்துடுங்க."

"அது உள்ள பின்னிக்கிட்டிருக்கு, எடுக்க நாளாகும். முதல்ல நிக்கிறதை எடுத்துடுறேன்," என்றாள் பர்வீன். இரண்டு நொடியை எடுக்க அவளுக்கு இரண்டு நொடிதான் ஆனது.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். ஆறாவது வாளி, அன்றைய முதல் போல்ட். பூவராகன் மூன்றடி தள்ளி, புதுப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கொளஞ்சி மெஷினை நகர்த்தினான், அது மெத்தென்று போய் போல்ட்டில் உட்கார்ந்தது. அவன் இடது கை வாளிக்குப் பின்னால் ஸ்பேனரைப் பொருத்திக்கொண்டிருந்தது.

பூவராகன் வாயைத் திறந்தான். "கை" என்ற ஓரெழுத்து தொண்டை வரை வந்தது. அதற்குள் துணைக்கை நிற்காமல் விசையை அழுத்த, மெஷின் சுற்றிவிட்டது.

கொளஞ்சி கத்தவில்லை. பச்சைத் துண்டை எடுத்து இடது கையைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டுவரை தானே நடந்து போய், அங்கேதான் உட்கார்ந்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கொளஞ்சி கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். பூவராகன் கொண்டுபோன சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படிப்பா ஆச்சு?" என்றான். கேட்ட பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கொளஞ்சி கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். "தெரியல மச்சான். மருந்து மயக்கத்துல யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணுதான் ஞாபகம் வருது. நீ கேக்கல." பிறகு அவனே லேசாகச் சிரித்தான். "பைத்தியம் பாரு. நீதான் பல்லு எடுத்துக் குடுக்குற வேலைல இருந்தியே, நீ எதுக்குக் கேக்கப்போற."

பூவராகன் சாத்துக்குடியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். கொளஞ்சியின் பாடத்தில் ஏதோ கோளாறு, அதை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம், இனிமேல் நீதான் மூலக்கை என்றார். இந்தத் தடவை சோதனைச் சட்டைகூட வேண்டாம், உன் வேலை ஊருக்கே தெரியுமே என்றார். ஆசைப்பட்டது வீடு தேடி வந்திருந்தது. பூவராகன் தலையாட்டினான்.

ஷெட்டில் பழைய வாளி ஒன்றைத் தரையில் நிறுத்தியிருந்தார்கள். பர்வீனே பெல்ட்டை மாட்டிவிட்டாள். அவள் கண் வீங்கியிருந்தது. "விசாரணைல நான்தான் நிறுத்தத்தை எடுத்தேன்னு சொல்லிட்டேன் அண்ணே," என்றாள். "யாரைக் கேட்டு எடுத்தேன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல. நீங்க தெரியாமத்தானே சொன்னீங்க." பூவராகன் பெல்ட் பூட்டைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டான்.

"இன்னும் பழைய பாடம்தான் உள்ள இருக்கு. நிறுத்தத்தை மட்டும் திரும்பப் போட்டிருக்கேன். பெல்ட் அளவு சரியா இருக்கான்னு ஒரு தடவை தூக்கிப் பாருங்க, அப்புறம் எல்லாத்தையும் அழிச்சிடுறேன்."

அவன் மெஷினைத் தூக்கினான். இடுப்பு தாண்டியது, மார்பு தாண்டியது. பாரம் தெரியவில்லை என்றாலும் கை உயர்ந்துதானே ஆக வேண்டும். தோள் உயரம் நெருங்கியதும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆறு வருடமாக அங்கே வலி காத்திருக்கும்.

வலி வரவில்லை. சரியாக அந்த இடத்தில், அடியிலிருந்து ஒரு உந்து. அவன் கை எவ்வளவு தயங்குமோ அவ்வளவு. கையோடு சேர்த்து மெஷின் மேலே போய்விட்டது.

இறக்கி மறுபடி தூக்கினான். மறுபடி அதே உந்து. இந்த உந்து அவனுக்குப் பழக்கமானதுதான். சக்கரத்தின் மேல் தினமும் நாற்பது தடவை அனுபவித்தது. வீட்டில் குடத்தைத் தூக்கினால் உயிர் போகும் தோள், ராட்டினத்தில் மட்டும் எப்படியோ தாங்குகிறதே என்று அவன் பெருமைப்பட்டிருக்கிறான். வேலை என்று வந்துவிட்டால் உடம்பு தானாக ஒத்துழைக்கும் என்று கேண்டீனில் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறான்.

எதிரே நிற்கிறவனுக்கு இவனுடைய வலது தோள் இடப்பக்கம் இருக்கும்.

"இதுதான் அண்ணே அந்த ரெண்டாவது இடம்," என்றாள் பர்வீன். "வீணா ஒரு உந்து. அழிச்சிடவா?"

"அழிக்காதீங்க." மெஷினைத் தரையில் வைத்துவிட்டு அவனும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். "எதையும் அழிக்காதீங்க மேடம். அது கோளாறு இல்ல. எனக்குத் தோளு போயி ஆறு வருஷம் ஆவுது. எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும்னு இருந்தேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. கீழேர்ந்து என் பங்கையும் சேத்து அவன்தான் தூக்கியிருக்கிறான். ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்ல. உங்ககிட்டயும் அதனாலதான் பேச்சை மாத்தியிருக்கிறான், சொன்னா எனக்கு வேலை போயிடும்னு."

பர்வீன் அழிக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"இன்னொண்ணும் கேட்டுக்குங்க. அந்த ரெண்டு நொடி என்னான்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கச் சொன்னேன். விரலு போவும்னு நினைக்கல. ஆனா யோசிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், யோசிக்க மனசு வரல. எனக்கு அவன் மேல பொறாமை. அவ்வளவுதான்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தான். மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் கொளஞ்சியிடமும் சொன்னான். முழுவதையும் கேட்டுவிட்டு கொளஞ்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். "போயிட்டு வா," என்றான். அதற்குப் பிறகு அவன் பூவராகனிடம் பேசவில்லை.

பாடம் அப்படியே முந்நூறு கைகளுக்கு ஏறியது. உந்தை எடுக்க வேண்டாம் என்று பர்வீன் பிடிவாதமாக நின்றாள். சோதித்துப் பார்த்ததில் நல்ல தோள் உள்ளவர்களுக்கும் அது ஷிப்டு முடிவில் பாதி அசதியைக் குறைத்தது. நிறுத்தத்தில் மட்டும் ஒரு மாற்றம் செய்தாள். சும்மா இரண்டு நொடி நிற்பதற்குப் பதிலாக, துணைக்கை வாய்விட்டு "கை?" என்று கேட்கும். மாட்டியிருப்பவர் "வெளிய" என்று சொன்னால்தான் சுற்றும். அந்த ஒரு சொல்லை யார் குரலில் பதிவது என்ற பேச்சு வந்தபோது, யாரையும் கேட்காமல் பூவராகனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவன் பதினேழு தடவை சொல்லிக்காட்டினான். பதினேழாவதைத்தான் எடுத்துக்கொண்டாள்.

இப்போது பூவராகன் டூல் ரூமில் இருக்கிறான். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்பேனர் எண்ணிக் கொடுக்கிறான். புதிதாகச் சேர்ந்த பொற்கொடி என்கிற பெண் ஒரு நாள் துணைக்கையைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், "அண்ணே, தோளுகிட்ட வரும்போது யாரோ கீழேர்ந்து கை குடுக்குறாப்பல இருக்குது, யாருண்ணே இதைச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டாள். எனக்கென்று ஒருவன் ஆறு வருடம் ரகசியமாகச் செய்ததை முகம் தெரியாத முந்நூறு பேர் அனுபவிக்கிறார்களே என்று அவனுக்கு ஒரு புகைச்சல் எழுந்தது. திருந்திவிட்டான் என்று நினைத்திருந்தால் அது நம் தப்பு. "கொளஞ்சின்னு ஒருத்தன்," என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினான்.

கொளஞ்சி எட்டு விரலோடு வேலைக்குத் திரும்பி நாலு மாதம் ஆகிறது. டூல் ரூம் ஜன்னலில் வந்து நிற்பான், வேண்டியதை விரலால் காட்டுவான், வாங்கிக்கொண்டு போவான். கண்ணைப் பார்க்க மாட்டான்.

ராட்டினம் பழுதுக்கு நிற்கும் நாட்களில் அதன் சத்தம் அடங்கிவிடும். டூல் ரூமிலிருந்து எல்லாம் தெளிவாகக் கேட்கும். மேலே ஆறாவது வாளிப் பக்கமிருந்து பூவராகனின் குரல் "கை?" என்று கேட்கிறது.

"வெளிய," என்கிறான் கொளஞ்சி.

கோபம் இல்லாமல், தயக்கம் இல்லாமல், பதினான்கு வருடம் சொன்ன அதே மாதிரி. ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை. பூவராகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்கிறான். தன்னோடு பேசாதவனைத் தன் குரல் நாள் முழுக்கப் பேசவைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குரலின் மேல் அவனுக்கு வருகிற பொறாமையை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.